தலையாட்டியின் வழக்கு

செருப்பைக் காலிலயே போட்டுக்கொண்டு இரும் பிள்ளை. கழட்டி சீற்றுக்குக் கீழ தள்ளினீரெண்டால், இந்த பஸ் ரைவர் பிறேக் அடிக்கிற அடியில அது முன்னுக்குப் போய் ஆரின்ரையோ காலடியில கிடக்கும். பேந்து இறங்கேக்கை குனிஞ்சு தேடுறது. ஓம், அப்பிடியே போடும்.

நான் வவுனியாவுக்கு. தங்கச்சி வீட்டை. எவ்வளவு நாளைக்கெண்டு தெரியாது. ரெண்டு பெரிய பயணப் பாக்கையும் பாத்திட்டுத்தானே கேக்கிறீர்? கேளும், அதில ஒண்டும் இல்லை. ஊரை விட்டே போறன் எண்டு வைச்சுக்கொள்ளும். வீடு, வளவு, நல்ல தண்ணிக் கிணறு எல்லாம் சொந்தமாக் கிடக்க, இந்த வயசில என்னை ஊரை விட்டுக் கலைச்சது என்ன தெரியுமோ? குண்டில்லை, ஷெல்லில்லை. அதெல்லாம் விழேக்கையும் நான் அங்கைதான் இருந்தனான். ஒரு நாடகம். கண்டறியாத ஒரு நாடகம்!

சிரிக்கிறீர். சிரியும். எனக்குத்தான் வயிறு எரியுது.

என்னை யோகம் ரீச்சர் எண்டுதான் ஊரில சொல்லுவினம். மனையியல் படிப்பிச்சனான். ஊரில அரைவாசிப் பொம்பிளையளுக்குத் தைக்கப் பழக்கினது நான். இண்டைக்கு அவளவை என்னை றோட்டில கண்டால் குடையைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு போறாளவை. வெயிலில்லாத நேரத்திலயும் குடை!

எங்கட வாசிகசாலைத் தலைவர் பேரம்பலம் மாஸ்டர். ஓய்வெடுத்த மனுசன், பொழுது போகேல்லை, ஒரு நாடகம் எழுதினார். ‘இரண்டு ஓட்டை’ எண்டு பேர். ஆரைப் பற்றி எண்டு நினைக்கிறீர்? தலையாட்டியைப் பற்றி. தலையாட்டி தெரியாதோ? ஓ, நீர் கொழும்பில பிறந்து வளந்த பிள்ளை, உமக்கெங்கை தெரியப்போகுது. ஆமி சுத்திவளைச்சு ஊர்ச் சனத்தை ஒரு இடத்தில இருத்தும். பேந்து ஒருத்தனைக் கொண்டருவாங்கள். சாக்கால முகத்தை மூடி, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை வெட்டியிருக்கும். அவன் ஒவ்வொருத்தரா முகத்தைப் பாத்துக்கொண்டு வருவான். வாயே திறக்கமாட்டான். தலையை ஆட்டினானெண்டால், முடிஞ்சுது. அந்த ஆளை ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு ஆளுமில்லை, சாம்பலுமில்லை.

என்ரை அவரை அப்பிடித்தான் கொண்டு போனவங்கள்.

அழேல்லை, அழேல்லை. கண்ணுக்கை தூசி. அந்த யன்னலைக் கொஞ்சம் சாத்தும்.

சித்திரை மாசம். விடியப்புறமே வீடு வீடா வந்து எழுப்பி, எல்லாரையும் பிள்ளையார் கோயிலடிக்குக் கலைச்சுக்கொண்டு போட்டாங்கள். அண்டைக்கு நடந்த ஒண்டு சொல்லுறன் கேளும். முதுகில துவக்கு முனை இடிக்குது. ஆமிக்காரன் கத்துறான், ஓடு, ஓடு எண்டு. எங்கட சனம் என்ன செய்துது தெரியுமோ? கோயில் வாசல் வந்த உடனே குனிஞ்சு செருப்பைக் கழட்டுது! ஒருத்தர் விடாமல்! இவரும் கழட்டினார். கழட்டி, ரெண்டையும் சோடியாச் சேத்து, ஓரமா வைச்சார். ஆமிக்காரன் ஒரு உதை விட்டான், அப்பவும் செருப்பு மிதிபடாமல் தள்ளித்தான் வைச்சவர். பழக்கம். பிள்ளையாருக்கு முன்னால செருப்போட போறதோ? சாகப் போறமெண்டாலும் போகமாட்டம்.

ஆம்பிளையளை ஒரு பக்கம் வரிசையா இருத்தினவங்கள். எங்களை மற்றப் பக்கம். தலை குனிஞ்சிருக்கோணும், நிமிந்தால் அடி. மணல் கொதிக்குது. ஜீப் வந்து நிண்ட சத்தம் கேட்டது. பேந்து கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பேந்து நடக்கிற சத்தம். நான் தலையை நிமித்தாமல் கண்ணை மட்டும் மெல்ல உயத்திப் பாத்தன். அவர் இருந்த வரிசைக்கு முன்னால ரெண்டு கால் வந்து நிக்குது. காலை மட்டுந்தான் கண்டன். காலில செருப்பு. ஒரு செருப்புக்கு நீல வார், மற்றதுக்குச் சிவப்பு வார்.

அந்தக் கால் அதில நிண்டுது. பேந்து “எழும்பு” எண்டு ஒருத்தன் கத்தினான். எழும்பினது என்ரை மனுசன்.

நீல வாரும் சிவப்பு வாரும் போட்ட செருப்பு எங்கட ஊரில ஒரே ஒருத்தனிட்டைத்தான் இருந்தது. பக்கத்து வளவு அரியகுட்டி. சைக்கிள் திருத்துறவன். வார் அறுந்தால் புதுச் செருப்பு வாங்கமாட்டான், வேற ஒண்டில இருந்து கழட்டிக் கொழுவிப்போடுவான். நாளைக்கு நாலு தரம் என்ரை வாசல் படலையைத் தாண்டிப் போறவன். எனக்குத் தெரியாதோ அந்தச் செருப்பை?

ஒண்டை முதல்லயே சொல்லிப்போடுறன். பிறகு நீரும் வேற மாதிரி நினைக்கப்படாது. அரியகுட்டிக்கும் எங்களுக்கும் எல்லை வேலியில ஒரு கொழுவல், சண்டை இருந்ததுதான். வேலிக் கதியாலை எங்கட பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டவன். நானும் அவன்ரை பெண்சாதியும் கதைபேச்சில்லை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலி வேற, இது வேற.

பொம்பிளையளை மத்தியானம் விட்டாங்கள். ஆம்பிளையள் மிச்சப்பேரைப் பின்னேரம் மட்டும் வைச்சிருந்தவங்கள். நான் வாசலுக்குப் போனன், அவரின்ரை செருப்பு அவர் வைச்ச இடத்திலயே சோடியாக் கிடந்துது. எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிண்டு, மற்றச் செருப்புக் குவியல் முழுக்கப் பாத்தன். அரியகுட்டியின்ரை செருப்பு அதுக்கை இல்லை. வடிவாப் பாத்தனான். இல்லை.

பின்னேரம் படலையடியில நிக்கிறன், அவர் வாறாரோ எண்டு. அரியகுட்டி வாறான். வெறுங்காலோட! தார் றோட்டுச் சூட்டில காலை ஊண்டேலாமல் துள்ளித் துள்ளி வாறான். “எங்கை உம்மட செருப்பு?” எண்டு கேட்டன். முழுசினான். “காணேல்லை அக்கா, ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போட்டினம்” எண்டான். மாறிப் போச்சாம்! ஊர் பத்தி எரியுது, இவருக்குச் செருப்பு மாறிப் போச்சாம்! எல்லாம் பொய்ச் சாட்டு. கழட்டி எறிஞ்சுபோட்டு வந்திருக்கிறான் எண்டு எனக்கு அப்பவே விளங்கீட்டுது.

அதுக்குப் பிறகு நான் ஏறி இறங்காத முகாமில்லை. அழாத படலையில்லை. இவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பேந்து ஒருநாள் இயக்கப் பெடியள் வந்தாங்கள். ஓம், எங்கட பெடியள்தான். செத்தவீட்டுக்கு வாற மாதிரி மெதுவா வந்து விறாந்தையில இருந்து, “தலையாட்டியின்ரை செருப்பை வைச்சு ஆளை உங்களுக்குத் தெரியும் எண்டு கதைக்கினம். அரியகுட்டிதானோ அக்கா?” எண்டு கேட்டாங்கள். நான் அழுதுகொண்டிருந்தனான். ஒரு சொல்லும் சொல்லேல்லை. சத்தியமா, ஒரு சொல். தலையை மட்டும் ஆட்டினன். அவ்வளவுதான். விசாரிச்சது, முடிவெடுத்தது எல்லாம் அவங்கள்.

அடுத்தநாள் அவனைச் சந்தி லைற் கம்பத்தில கட்டியிருந்தது. நெத்தியில வெடி. கழுத்தில மட்டையில ‘துரோகி’ எண்டு எழுதிக் கொழுவியிருந்தது. நான் போய்ப் பாக்கேல்லை. எனக்கென்ன, பாக்கிறதுக்கு அது திருவிழாவோ? செத்தவீட்டுக்கு ஊரில ஒரு குருவியும் போகேல்லை. பெண்சாதியும் இன்னொருத்தியும் சேந்துதானாம் தூக்கினவை. பேந்து அவள் கைப்பிள்ளையையும் கொண்டு மன்னார்ப் பக்கம் போட்டாள். ஆளில்லாத வளவு, ஆடு மாடு பூரும் எண்டு நான்தான் வேலியைச் சரியாக்கிக் கதியாலை இருக்கவேண்டிய இடத்தில நட்டன்.

ஆ, நாடகத்துக்கு வாறன்.

அந்த நாடகத்தில என்ன எண்டால், தலையாட்டி பாவமாம். அவனையும் பிடிச்சு அடிச்சவையாம். தம்பியைச் சுடுவம் எண்டு வெருட்டினவையாம். அதால தலையை ஆட்டுறானாம். கடைசியாத் தன்ரை சிநேகிதன் முகத்துக்கு முன்னால நிண்டு தலையாட்டாமல் விட்டு, தானே சாகிறானாம். சனம் அழுதுது பிள்ளை! என்ரை மனுசன் போன கோயில் வீதியில, கதிரை போட்டு இருந்து, தலையாட்டிக்கு அழுதுது! எனக்கு வந்த விசர்க் கோவத்துக்கு எழும்பி மேடையில ஏறியிருப்பன். பக்கத்தில இருந்தவள் கையைப் பிடிச்சு இருத்தினாள்.

அடுத்தநாளே மாஸ்டர் வீட்டுப் படலையில நிண்டு கிழிகிழியெண்டு கிழிச்சன். “நீர் ஆரை நல்லவனாக்கப் பாக்கிறீர்?” எண்டு கேட்டன். மனுசன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு ஆளனுப்பினார். வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு வழக்காடு மன்றம் வைக்கினமாம், ‘இரண்டு ஓட்டை’ நாடகத்துத் தலையாட்டி குற்றவாளியே எண்டு தலைப்பாம். யோகம் ரீச்சர்தான் நடுவரா இருந்து தீர்ப்புச் சொல்லோணுமாம்.

வழக்காடு மன்றம் கேட்டிருப்பீர்தானே? கோயில் திருவிழாவில புராணத்து ஆக்களைக் கூண்டில ஏத்திப் பேசுவினம். ஒருத்தர் குற்றஞ்சாட்டுவார், ஒருத்தர் மறுப்பார், நடுவர் தீர்ப்புச் சொல்லுவார். சனம் கடலை கொறிச்சுக்கொண்டு கேக்கும். நான் ஓம் எண்டன். ஏன் மாட்டன்? இவ்வளவு வருசத்தில என்ரை மனுசனுக்கு ஒரு கோட்டு வழக்கும் இல்லை, ஒரு விசாரணையும் இல்லை. ஆணைக்குழு எண்டு வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவை, அவ்வளவுதான். நாடகத்துத் தலையாட்டியையாவது என்ரை வாயால குற்றவாளி எண்டு மைக்கில சொல்லிப்போட்டுச் சாவம் எண்டு நினைச்சன். பட்டுச்சீலையை எடுத்து அயன் பண்ணி வைச்சன்.

குற்றஞ்சாட்டுறதுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். எதிர்ப்பக்கம் பேசத்தான் ஆள் கிடைக்கேல்லை. ஊரில ஆர் தலையாட்டிக்காகப் பேசுவினம்? அப்ப ஒருத்தி தான் பேசுறன் எண்டாளாம். ஆரெண்டு நினைக்கிறீர்?

அரியகுட்டியின்ரை மகள். துஷ்யந்தி. அண்டைக்குக் கைப்பிள்ளையாக் கொண்டு போனது, போன வருசம் ரீச்சர் வேலை மாற்றத்தில ஊருக்கு வந்து, அந்த வளவில ரெண்டறை வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். தலைமயிர் நரைக்கத் தொடங்கீட்டுது, கலியாணமில்லை. துரோகியின்ரை மகளை ஆர் கட்டுவினம்? வந்த புதுசில என்ரை படலையில வந்து நிண்டவள். “ரீச்சர், அப்பாவைப் பற்றி உங்களிட்டை ஒண்டே ஒண்டு கேக்கோணும்” எண்டாள். எனக்கு அடுப்பில உலை கிடக்கு எண்டு சொல்லி உள்ளுக்கை போயிட்டன். வேலியைப் பற்றி ஒரு வாத்தையும் அவள் கேக்கேல்லை. அதுவும் ஒரு கெட்டித்தனந்தான்.

விழாவண்டு சனம் நிறைஞ்சுபோச்சு. விரிவுரையாளர் நல்லாப் பேசினார். இனத்தைக் காட்டிக் குடுத்தவன், எதிரிக்குக் கண்ணாய் இருந்தவன் எண்டு முழங்கினார். கை தட்டிச்சினம். நானும் தட்டினன், நடுவர் தட்டக்கூடாதெண்டு பிறகுதான் சொல்லிச்சினம்.

பேந்து அவள் எழும்பினாள். வெள்ளைச் சீலை. கையில ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. “நடுவர் அவர்களே, அந்த மனுசன் செய்தது சரியெண்டு சொல்ல நான் வரேல்லை. அவனுக்குப் பின்னால துவக்கு இருந்தது, அதையும் பெரிசாச் சொல்ல வரேல்லை. அவன் குற்றவாளி எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் தீர்ப்புச் சொல்ல முதல் அந்தச் சாக்கைக் கழட்டி, ஆரெண்டு முகத்தைப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ” எண்டாள்.

நாடகத்து ஆளுக்கு என்ன முகம்? எனக்கு இவள் எங்கை போறாள் எண்டு விளங்கேல்லை.

“நாடகத்தில ஒரு காட்சி இருக்கு” எண்டாள். “தலையாட்டியை ஜீப்பில இருந்து இறக்கேக்கை அவன் வெறுங்கால். முகாமில இருந்து கொண்டு வந்த கைதிக்கு ஏது செருப்பு? மணல் சுட்டுத் துள்ளுறான். துள்ளேக்கை சாக்கு இடம் மாறுது, கண் ஓட்டை விலகுது. உடனே ஒரு ஆமிக்காரன் கோயில் வாசலில சனம் கழட்டிவிட்ட செருப்பில ஒரு சோடியை எடுத்து அவனுக்கு எறியிறான். அவன் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறான்.”

ஓம், அப்பிடி ஒரு காட்சி இருந்ததுதான். சும்மா சனத்தைச் சிரிக்கப் பண்ண வைச்சிருக்கிறார் எண்டு நான் நினைச்சன்.

அவள் என்னைப் பாக்கேல்லை. கீழ முன் வரிசையில இருந்த பேரம்பலம் மாஸ்டரைப் பாத்தாள். “மாஸ்டர், இந்தக் காட்சி நீங்கள் யோசிச்சு எழுதினதோ, கண்டு எழுதினதோ?”

மாஸ்டர் எழும்பினார். மேல்துண்டைக் கையில சுருட்டிக்கொண்டு நிண்டார். “கண்டது பிள்ளை” எண்டார்.

“செருப்பின்ரை நிறம் நாடகத்தில எழுதேல்லை.”

“ஒண்டு நீலம். மற்றது சிவப்பு.”

“அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரன் அப்ப எங்கை இருந்தவர்?”

“எனக்குப் பின்னால. முதுகோட முதுகு முட்ட இருந்தவர். பின்னேரம் எங்களை விடேக்கை, செருப்பைத் தேடிப்போட்டு என்னோடதான் கோயில் வாசலால வெளிக்கிட்டவர்.”

கடலை கொறிக்கிற சத்தம் நிண்டுபோச்சு.

எனக்கு வந்த ஆத்திரம் ஆரில எண்டு நினைக்கிறீர்? அந்த மனுசனில! நான் மைக்கிலயே கேட்டன். “கண்டனீர் எண்டால் அண்டைக்கே ஏன் சொல்லேல்லை? இவ்வளவு வருசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துபோட்டு, இப்ப நாடகம் போடுறீரோ?” எண்டன். அவர் சொல்லுறார், “பெடியள் முடிவெடுத்த பிறகு சொல்லியிருந்தால் அடுத்த கம்பத்தில என்னைக் கட்டியிருப்பாங்கள் ரீச்சர். எனக்குப் பயம். கடைசி வரைக்கும் பயந்தாங்கொள்ளியா இருந்துபோட்டன். வாயால சொல்ல ஏலாமத்தான் நாடகமா எழுதினனான்” எண்டு. சீ! இவரும் ஒரு ஆம்பிளை! இப்ப சொல்லும், பிழை ஆரில? கண்ணால கண்டவன் பேசாமல் இருந்தால், காலை மட்டும் கண்ட நான் என்ன செய்யிறது? செருப்பைக் கண்டனான்தானே! செருப்பு உண்மைதானே!

சனம் அவரையெல்லோ காறித் துப்பியிருக்கோணும்? ஒருத்தரும் அவரைப் பாக்கேல்லை. எல்லாக் கண்ணும் என்னிலதான் நிண்டுது.

தீர்ப்பைப் பிறகு பாப்பம், பாட்டுக் கச்சேரியைத் தொடங்குவம் எண்டு செயலாளர் ஓடி வந்தார். துஷ்யந்தி விடேல்லை. “இல்லை, எனக்குத் தீர்ப்பு வேணும்” எண்டாள். பேந்து என்ரை கதிரைக்குக் கிட்ட வந்து நிண்டாள். கிட்டப் பாக்கேக்கை அரியகுட்டியின்ரை அதே கண். குரலை உயத்தேல்லை. “எங்கட அப்பாவைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் ரீச்சர். அம்மா சாகும்வரைக்கும் ஒரே ஒண்டுதான் சொன்னவ. அவரைப் பற்றி ஆரும் ஒரு சொல்லாவது வாயால சொல்லியிருந்தால், அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு நான் வழக்காடியிருப்பன் எண்டு. ஒரு சொல்லும் இல்லாமல் ஆள் போயிட்டுது. நாடகத்து ஆளைப் பற்றியே சொல்லுங்கோ. குற்றவாளியோ, இல்லையோ. எதெண்டாலும் எனக்குச் சரி. ஆனால் வாயால சொல்லுங்கோ” எண்டாள்.

மைக்கை என்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டந்து வைச்சாங்கள்.

நான் படிப்பிச்ச ஆள் பிள்ளை. வகுப்பில நான் கத்தினால் அடுத்த கட்டடத்தில கேக்கும். அண்டைக்கு வாயைத் திறந்தன், சத்தம் வரேல்லை. சோடா குடுத்தாங்கள். குடிச்சன். பிறகும் வரேல்லை. செயலாளர் பொறுமை கெட்டுப்போய், “அப்ப குற்றவாளிதானோ ரீச்சர்?” எண்டு கேட்டார்.

நான் தலையை ஆட்டினன்.

ஒருத்தரும் கை தட்டேல்லை. அவள் என்னையே பாத்துக்கொண்டு நிண்டாள். அழேல்லை, ஏசேல்லை. பேந்து படி இறங்கி, வாசலில தன்ரை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தனிய நடந்து போனாள். அவளுக்குப் பின்னால மாஸ்டர் எழும்பிப் போனார். பேந்து ஒவ்வொருத்தரா எழும்பிச்சினம். மேடையில நானும் விரிவுரையாளரும் சோடாப் போத்திலும்தான் மிச்சம். ஊர் சேந்து அவளின்ரை வீட்டு விறாந்தையில போய் இருந்ததாம். சாகேக்கை போகாத சனம், இவ்வளவு வருசம் கழிச்சு அரியகுட்டியின்ரை செத்தவீட்டுக்குப் போச்சுதாம்! எனக்கு இதைச் சொன்னவளும் குடையைச் சரிச்சுக்கொண்டுதான் சொன்னாள்.

அண்டையில இருந்து இதுதான். கடையில சாமான் கேட்டால் எடுத்துத் தருவினம், முகத்தைப் பாக்கமாட்டினம். கோயிலில நான் வந்து நிண்டால் பக்கத்தில இடம் அகலமா இருக்கும். நான் என்ன செய்தனான்? சொல்லும், நீர் வெளியூர்ப் பிள்ளை, நடுநிலையாச் சொல்லும். புருசனைப் பறிகுடுத்தவள் நான்! அவரின்ரை செருப்பு இந்தப் பாக்குக்கைதான் கிடக்கு, சோடியா, கடதாசி சுத்தி. அதுக்கொரு ஞாயம் கேக்க ஆளில்லை. எல்லாருக்கும் மற்றச் செருப்பின்ரை கதைதான் வேணும்.

என்ன, வவுனியா வந்திட்டுதோ? இல்லை, புளியங்குளந்தான். இரும்.

ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறீர்? நீரும் தள்ளி இருக்கிறீர். சரி, தள்ளி இரும். எனக்கொண்டும் இல்லை, பழகீட்டுது.

வாயால சொல்லோணுமாம். என்னத்துக்கு? தலையாட்டினால் விளங்காதோ? அண்டைக்குப் பெடியளுக்கு விளங்கினதுதானே.